முதல் வாட்டர் லூப்: பாகம் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கம்ப்யூட்டருக்கு கஸ்டம் வாட்டர் கூலிங் (தனித்தனிப் பாகங்களை நாமே கோத்து, சிப்பின் சூட்டைத் தண்ணீரால் எடுக்கும் வட்டம், அதாவது லூப்) போடப்போகிறேன் என்று வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த பிளாக் (சிப்பின் மேல் உட்கார்ந்து வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) நல்லது, எந்த பம்ப் நல்லது என்றுதான். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு, ஏ.சி. போடாமல், உங்கள் அறையில் எத்தனை டிகிரி? அந்த எண் கையில் இல்லாமல் பாகங்களின் பட்டியல் போடுவதில் அர்த்தமில்லை.

நான் வீட்டிலிருந்தே 3டி ரெண்டரிங் வேலை செய்கிறேன். சென்னையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை. ரைசன் 9 5900எக்ஸ் பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு நீளமான ஷாட்டை ரெண்டருக்குப் போட்டுவிட்டால் இரவெல்லாம் இரண்டும் முழு வேகத்தில் ஓடும். அதே அறையில்தான் படுக்கை. கார்டின் ஃபேன்கள் எழுப்பும் இரைச்சலில் தூங்க முடியாது, கதவை மூடிவிட்டு வேறு அறைக்குப் போகவும் வசதியில்லை. சத்தம் குறைய வேண்டும் என்பதற்காகத்தான் லூப் போட்டேன். இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஜில்லென்று ஓடும்" என்ற எதிர்பார்ப்போடு இதில் இறங்குபவர்கள் அதிகம்.

பானைத் தண்ணீர் வெயில் காலத்திலும் குளிர்ந்திருக்கிறதே, இதுவும் அப்படித்தானே என்று நினைத்துவிடக் கூடாது. பானையின் மேல் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது, அதனால் அது அறையைவிடக் குளிர்கிறது. நம் லூப் மூடிய வட்டம். ஆவியாக வழியில்லை. ஆகவே தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே ஓடும் தண்ணீர் அறைக் காற்றைவிட ஒரு டிகிரிகூடக் கீழே போகாது. அறை 35 என்றால் தண்ணீர் 35-க்கு மேலேதான். எவ்வளவு மேலே என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. திட்டம் என்பது அந்த இடைவெளியைத் தீர்மானிப்பதுதான்.

இன்னொன்றும் இதோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். வாட்டர் கூலிங் வெப்பத்தைக் குறைக்காது, இடம் மாற்றும். 500 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் ஃபேனில் ஓடினாலும் தண்ணீரில் ஓடினாலும் அறைக்குள் 500 வாட்டைத்தான் கொட்டும். ஒரு டன் ஏ.சி.யின் திறன் சுமார் 3,500 வாட். அதில் ஏழில் ஒரு பங்கை இந்தப் பெட்டி தின்றுவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். 5900எக்ஸின் விவரக் குறிப்பில் 105 வாட் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் முழு வேகத்தில் அது மதர்போர்டின் சாக்கெட்டிலிருந்து 142 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு. 3090 கார்டு 350 வாட். பம்பின் சூட்டில் பெரும்பகுதியும் தண்ணீரில்தான் கலக்கும். மொத்தம் 500 வாட் என்று வைத்துக்கொண்டேன். ரேடியேட்டர்கள் 120 அல்லது 140 மி.மீ. ஃபேன் அளவின் மடங்குகளில் வருகின்றன: 240, 280, 360, 420. முப்பது மி.மீ. தடிமனுள்ள ரேடியேட்டரில், ஃபேன் நிமிடத்துக்கு 1,000 சுற்று போல மெதுவாக ஓடும்போது, ஒரு 120 மி.மீ. பகுதி சுமார் 80 வாட்டை வெளியேற்றும், தண்ணீர் அறையைவிடப் பத்து டிகிரியை ஒட்டி மேலே நிற்கும். இது தோராயக் கணக்குதான், ஆனால் திட்டமிடப் போதும். 500-ஐ 80-ஆல் வகுத்தால் ஆறேகால். ஆக, இரண்டு 360 ரேடியேட்டர்கள்.

இதை ஒரு தம்பியிடம் சொன்னபோது, "அண்ணா, ஒரு பாகத்துக்கு ஒரு 120, அதுக்கு மேல எக்ஸ்ட்ரா ஒண்ணு, அவ்வளவு போதும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்களே?" என்று கேட்டான். அந்தக் கணக்குப்படி எனக்கு ஒரே ஒரு 360 போதும். அறை 22 டிகிரியில் இருக்கும் ஊரில் அது ஓடவும் செய்யும். தண்ணீர் அறையைவிட இருபது டிகிரி ஏறினாலும் 42-தான். அதே இருபதை நம் ஊர் 36-உடன் கூட்டினால் 56. டி5 போன்ற பம்புகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் தண்ணீர் வெப்ப வரம்பே பொதுவாக 60 டிகிரி. பி.இ.டி.ஜி. என்ற வகை ஹார்டு டியூப் போட்டிருந்தால், அந்தச் சூட்டில் அது இளகி, டியூப் மாட்டும் இணைப்பான ஃபிட்டிங்கிலிருந்து நழுவும் ஆபத்தும் உண்டு. நம் ஊரில் கூடுதல் ரேடியேட்டர் என்பது ஆடம்பரம் இல்லை. ஃபேனை வேகமாக ஓட்டிச் சமாளிக்கலாம்தான், ஆனால் அப்புறம் எதற்கு லூப்?

பணத்தை எங்கே போடுவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. பிராசஸருக்கு மட்டும் லூப் போடுவது வீண் செலவு. 5900எக்ஸின் சிப்லெட்டுகள் (உள்ளே இருக்கும் சிப் துண்டுகள்) மிகச் சிறியவை. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வெப்பம் மேல்மூடியைத் தாண்டி வருவதே பெரிய தடை, அதற்கு மேல் என்ன வைத்தாலும் ஃபேனில் ஓடும் நல்ல டவர் கூலரைவிடச் சில டிகிரிதான் லாபம். கிராஃபிக்ஸ் கார்டு அப்படியில்லை. அங்கே மூடி கிடையாது, பிளாக் நேராக சிப்பின் மேல் உட்கார்கிறது. சத்தம் போடுவதும் அதுதான், வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கு வருவதும் அதிலிருந்துதான்.

ஆகவே முதலில் உறுதி செய்ய வேண்டியது கார்டுக்கு பிளாக் கிடைக்கிறதா என்பது. "3090-க்கு ஏற்ற பிளாக்" என்று ஒன்று இல்லை. என்விடியாவின் ஃபவுண்டர்ஸ் எடிஷன் போர்டு ஒரு வடிவம், ரெஃபரன்ஸ் போர்டு வேறு வடிவம், ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்கென்று வடிவமைத்த போர்டுகள் இன்னும் வேறு. திருகு ஓட்டைகள் ஒத்துப்போனாலும் ஒரு கெப்பாசிட்டரின் உயரம் இடித்தால் போதும், பிளாக் உட்காராது. கார்டின் முழு மாடல் பெயரை வைத்து, பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் பாருங்கள். இனிமேல்தான் கார்டு வாங்கப்போகிறீர்கள் என்றால் பிளாக்கை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற கார்டை வாங்குவது உத்தமம். கூலரைக் கழற்றினால் வாரண்டி என்ன ஆகும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

3090-இல் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் 24 ஜிபி மெமரி, ஒவ்வொன்றும் 1 ஜிபி கொண்ட சிப்களாக, போர்டின் முன்புறம் பன்னிரண்டும் பின்புறம் பன்னிரண்டுமாக இருக்கிறது. பிளாக் முன்புறத்தை மட்டுமே தொடும். பின்னால் உள்ளவை, கார்டின் முதுகில் உள்ள தகடான பேக்பிளேட்டை நம்பித்தான் வாழ வேண்டும். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பிளாக்கோடு வரும் பேக்பிளேட்டைத் தவிர்க்காமல் போட்டேன், பின்புற சிப்களுக்கு வெப்பம் கடத்தும் மெத்தை போன்ற தெர்மல் பேடும் வைத்தேன். பக்கவாட்டு ஃபேன்களின் காற்று பேக்பிளேட்டின் மேல் தவழ்ந்து போகும்படியும் பார்த்துக்கொண்டேன். பேடின் தடிமன் விஷயத்தில் கையேடு சொல்வதை அப்படியே கேளுங்கள். 1 மி.மீ. சொன்ன இடத்தில் 1.5 வைத்தால் மெமரி பேடில் முட்டிக்கொண்டு பிளாக் தூக்கி நிற்கும், நடுவில் இருக்கும் சிப்போடு ஒட்டாது. நான் பிளாக்கைப் பொருத்தி, திருகுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்கி, உடனே மறுபடி கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு பேடிலும் சிப்பின் சதுர அச்சு பதிந்திருந்தது, நடுவில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் எல்லா மூலைக்கும் மெல்லிசாகப் பரவியிருந்தது. அந்த அச்சுகளைக் கண்ணால் பார்த்த பிறகு, புதுப் பேஸ்ட் வைத்து மூடினேன். கொஞ்சம் பேஸ்ட் கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

அடுத்து உலோகம். தாமிரம், பித்தளை, நிக்கல் பூசிய தாமிரம் ஆகியவை ஒரே லூப்பில் ஒற்றுமையாக இருக்கும். அலுமினியம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். லூப்பில் ஓடும் திரவமான கூலன்ட்டில் அரிப்புத் தடுப்பான் இருந்தாலும் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். விலை குறைவாக இருக்கிறதே என்று கண்ணை இழுக்கும் ரேடியேட்டர்களில் பல அலுமினியம்தான். எல்லாம் கோத்தே மூடி வரும் ரெடிமேட் ஏ.ஐ.ஓ. கூலர்களின் ரேடியேட்டர்களும் பெரும்பாலும் அப்படித்தான். பழைய ஏ.ஐ.ஓ.வைப் பிரித்து அதன் ரேடியேட்டரைப் பயன்படுத்தலாமே என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

இடம் பார்ப்பதற்கு நான் செய்தது எளிமையான வேலை. 360 என்று பெயர் இருந்தாலும் ரேடியேட்டரின் நீளம் 360 இல்லை. இரு முனைகளிலும் தொட்டி உண்டு, எல்லாம் சேர்த்து 400 மி.மீ.க்குப் பக்கத்தில் வரும். தடிமன் 30, ஃபேன் 25, ஆக 55. தயாரிப்பாளரின் வரைபடத்தில் உள்ள அளவுகளின்படி அட்டையில் வெட்டி ஒட்டி, லியன் லி ஓ11 டைனமிக் கேபினட்டுக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைத்துப் பார்த்தேன். மேலே மதர்போர்டின் ஹீட்சிங்க்குக்கும் பவர் கேபிளுக்கும் விரல் நுழையும் இடம் இருக்கிறதா, கீழே கார்டின் அடியில் ஃபிட்டிங் திரும்ப இடம் இருக்கிறதா என்று அட்டையை வைத்தே தெரிந்துவிட்டது. ரேடியேட்டரின் வாய்ப்பகுதி எந்த முனையில் இருந்தால் டியூப் நேராக வரும் என்பதையும் அட்டையில் வட்டம் வரைந்து முடிவு செய்தேன். மென்பொருளில் வரைவதைவிட இது கை நம்புகிற வேலை.

தண்ணீர் ஓடும் வரிசையைப் பற்றி நிறைய விவாதம் நடக்கிறது. பிராசஸர் முதலா, கார்டு முதலா, இரண்டுக்கும் நடுவில் ரேடியேட்டர் வர வேண்டுமா என்றெல்லாம். ஒரு சிறு கணக்கு போட்டால் விவாதம் முடிந்துவிடும். தண்ணீர் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடினால், 500 வாட்டும் அதில் ஏறினாலும் வெப்பம் இரண்டரை டிகிரிகூட உயராது. லூப்பின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். எனவே டியூப் எப்படிச் சுருக்கமாகவும் மடங்காமலும் போகுமோ அதுவே சரியான வரிசை. மீறக் கூடாதது ஒன்றுதான்: ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி) பம்புக்கு நேர் முன்னாலும் அதைவிட உயரத்திலும் இருக்க வேண்டும். பம்பின் தாங்கிக்கு உயவு தருவதே அந்தத் தண்ணீர்தான். வறட்சியாக ஓடினால் பம்ப் கெட்டுவிடும். பம்பும் ரிசர்வாயரும் சேர்ந்தே வரும் காம்போ வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

டியூப் விஷயத்தில், முதல் லூப்புக்கு சாஃப்ட் டியூப்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. உள்ள கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூப் எடுத்தேன். சுவர் தடிமனாக இருப்பதால் வளைவில் மடங்காது. தெளிவான பி.வி.சி. டியூப் அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து, டியூபை மிருதுவாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் கசிந்து பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் படிவது தெரிந்த கதை.

ஃபிட்டிங்குகளை எண்ணும்போது எல்லோருக்கும் குறைந்துபோகும். பிராசஸர் பிளாக், கார்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், பம்ப் காம்போ என்று ஐந்து பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பத்து. இது டியூப் மாட்ட மட்டும். இதற்கு மேல் திரும்பும் 90 டிகிரி ஆங்கிள்கள் நான்கு, தண்ணீர் இறக்குவதற்கு ஒரு டீ (T வடிவ இணைப்பு), ஒரு பால் வால்வு (திருப்பித் திறந்து மூடும் குழாய்), மூடிகள். பிறகு உபரியாக இரண்டு ஃபிட்டிங், ஒரு பொட்டலம் ஓ-ரிங். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ரெடிமேட் கூலர்கள் எளிதாகக் கிடைக்கும், ஆனால் கஸ்டம் லூப் சாமான் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு ஃபிட்டிங் குறைந்தால் மொத்த வேலையும் பார்சல் வரும்வரை மேசையில் கிடக்கும். எல்லாமே ஜி 1/4 என்ற ஒரே அளவு மரைதான், அதனால் எந்த நிறுவனத்தின் ஃபிட்டிங்கும் எந்தப் பாகத்திலும் பொருந்தும். இதில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. வீட்டுக் குழாயில் மரையே அடைப்பது போல இங்கே இல்லை. அடைப்பது ஓ-ரிங். கையால் இறுக்கினாலே போதும், ஸ்பேனர் போட்டால் அக்ரிலிக் விரிசல் விடும்.

பாகங்கள் வந்ததும் முதல் வேலை ரேடியேட்டரைக் கழுவுவது. உள்ளே, பற்றவைக்கும்போது பயன்படுத்திய ஃப்ளக்ஸ் என்ற பொருளின் துகள்கள் இருக்கும். சூடான தண்ணீரை முக்கால் பாகம் ஊற்றி, இரண்டு வாயையும் மூடி, கை வலிக்கும் வரை குலுக்க வேண்டும். வெளியே கொட்டும்போது பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினேன். முதலில் மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள்கள் துணி முழுக்கப் படிந்தன. துணி வெள்ளையாகவே இருக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரால் அலசினேன். இந்தத் துகள்கள் பிளாக்கின் மெல்லிய பள்ளங்களில் போய் அடைத்தால் பிறகு பிளாக்கையே பிரிக்க வேண்டும்.

தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க நல்லது, லூப்புக்கு ஆகாது. வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிச்சம் இருப்பது எண்ணிலேயே தெரியும். போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரிப்புத் தடுப்பானும் பாசி பிடிக்காமல் இருக்க மருந்தும் கலந்த கான்சன்ட்ரேட்டை, பாட்டிலில் சொன்ன விகிதத்தில் டிஸ்டில்டு வாட்டரில் கலந்தேன். பால் போல நிறம் காட்டும் கூலன்ட்டுகளில் மிதக்கும் துகள்கள் உண்டு, அவை நாளடைவில் படியும். தெளிவான கூலன்ட் போதும்.

தண்ணீர் ஊற்றும் முன் காற்றால் சோதிப்பதற்கு ஒரு சிறு கைப்பம்பும் அளவுமானியும் சேர்ந்த லீக் டெஸ்டர் கிடைக்கிறது. என் பட்டியலில் இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை. லூப்பை மூடி 0.5 பார் வரை காற்று ஏற்றினேன். முள் அசையாமல் அரை மணி நேரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கி, கொஞ்ச நேரத்தில் 0.4-க்கு வந்துவிட்டது. லூப்பை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பாதியையும் தனியாகச் சோதித்தேன். கீழ் ரேடியேட்டர் இருந்த பாதியில்தான் இறக்கம். அதன் மூடி ஒன்றைக் கழற்றி ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு. உபரிப் பொட்டலத்திலிருந்து புதிது போட்டதும் முள் அப்படியே நின்றது. தண்ணீராக இருந்திருந்தால் அந்த வெட்டு தெரிய வாரக்கணக்கில் ஆகியிருக்கலாம், அதற்குள் அடியில் இருக்கும் ஃபேன் நனைந்திருக்கும்.

தண்ணீர் நிரப்பும்போது மதர்போர்டு, கார்டு, டிஸ்க் எதற்கும் கரண்ட் போகக் கூடாது. பம்புக்குப் போவதைத் தவிர எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி) 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் இணைக்கும் ஜம்பரைச் செருகினால் பம்ப் மட்டும் ஓடும். சில எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும், அங்கே நிறத்தை நம்ப முடியாது, ஜம்பர் பிளக் வாங்கிவிடுவதே பாதுகாப்பு. ரிசர்வாயரை நிரப்பி, சில விநாடி பம்பை ஓட்டி, தண்ணீர் இறங்கியதும் நிறுத்தி, மறுபடி நிரப்ப வேண்டும். பிறகு கேபினட்டை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். தண்ணீரோடு பெட்டி நல்ல கனம் கனக்கும், கூட ஒரு ஆள் இருப்பது நல்லது. ஃபிட்டிங் ஒவ்வொன்றின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து இரவு முழுக்க பம்பை மட்டும் ஓடவிட்டேன்.

இனி ஃபேன்கள். இங்கேதான் லூப்பின் முழு லாபமும் இருக்கிறது. ஃபேன் வேகத்தை பிராசஸர் வெப்பத்தோடு இணைத்துவிட்டால், ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் ஃபேன் உறுமி அடங்கும். தண்ணீர் வெப்பத்தோடு இணைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற, 500 வாட் முழுவதும் எட்டு விநாடிக்கு மேல் வேலை செய்ய வேண்டும். அதனால் தண்ணீர் திடீரென்று தாவாது, ஃபேனும் தாவாது. லூப்பில் ஜி 1/4 மரையுள்ள ஒரு சென்சர், மதர்போர்டில் அதைச் செருக இரண்டு பின் இடம், இவை போதும். எல்லா போர்டிலும் அந்த இடம் இருக்காது, முன்பே பாருங்கள். பம்பின் வேகத்தைச் சொல்லும் ஒயரை 'சிபியூ ஃபேன்' என்ற இடத்தில் மாட்டினேன். பம்ப் சுற்றவில்லை என்றால் போர்டு ஆரம்பத்திலேயே எச்சரித்து நிறுத்திவிடும். பம்புக்கான கரண்ட் தனியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வருகிறது.

அறை 34 டிகிரியில் இருக்கும் இரவில், மணிக்கணக்கில் ரெண்டர் ஓடிய பிறகு தண்ணீர் 45-ஐ ஒட்டி நிற்கிறது, கார்டு 60-ஐத் தாண்டுவதில்லை, மெமரி 90-க்குக் கீழே. ஃபேன்கள் 1,000 சுற்றைத் தாண்டுவதில்லை. சீலிங் ஃபேனின் சத்தத்தில் கம்ப்யூட்டர் ஓடுவதே கேட்பதில்லை. ஏ.சி. போட்டால் எல்லா எண்ணும் அறையோடு சேர்ந்தே இறங்குகின்றன.

திட்டத்தில் பலரும் விட்டுவிடும் பகுதி, தண்ணீரை எப்படி வெளியே எடுப்பது என்பது. கூலன்ட்டை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதற்கு லூப்பின் மிகத் தாழ்வான இடத்தில் அந்த டீயும் பால் வால்வும் இருக்க வேண்டும், அதன் வாயில் ஒரு துண்டு டியூப் மாட்டி வாளிக்குள் விடும் அளவுக்குக் கை போக இடமும் வேண்டும். வால்வுக்கு வெளியே எப்போதும் ஒரு மூடியும் போட்டு வையுங்கள், தெரியாமல் கை பட்டுத் திறந்தாலும் தண்ணீர் வராது. இறக்கும்போது ரிசர்வாயரின் மேல் மூடியைத் திறந்துவிட வேண்டும், காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் கீழே வரும். கடைசியாக ரேடியேட்டரில் தங்கும் மிச்சம் பெட்டியைச் சாய்த்தால் வந்துவிடும். இறக்கிய கூலன்ட்டில் விலங்குகளுக்கு நஞ்சாகக்கூடிய கிளைக்கால் என்ற வேதிப்பொருள் இருக்கலாம், அதை நாய், பூனை நக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.